பெயர் தெரியாத பேச்சுக் கார்டு

போன வாரம் நான் முன்பு வேலை செய்த பதுளைக் கடையிலிருந்து என் வாட்ஸப்புக்கு ஒரு படம் வந்தது. நீளமான பச்சைப் பலகை, அதில் சில சில்லுகள், ஓரத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரம். கீழே, "சேர், சாமான் ரூமை ஒழிக்கிறோம். இது என்னான்னு தெரியுமா? போன்ல தேடினா ஒண்ணுமே வரல. பழைய இரும்போட போட்டுறவா?" என்று எழுதியிருந்தது. அனுப்பியவள் ஃபர்ஹானா. நான் ஓய்வு பெற்றபின் அந்தக் கடையின் திருத்தும் பகுதியை அவள்தான் பார்க்கிறாள். கெட்டிக்காரி, ஆனால் பொறுமை கிடையாது.

"போடாதே. தொடவும் செய்யாதே. அப்படியே வை" என்று பதில் போட்டேன்.

"ஏன் சேர், வெல போகுமா?"

விலை போகாது. காயலான் கடைக்காரன்கூட முகத்தைச் சுளிப்பான். அதன் கதையை எழுதி அனுப்புகிறேன், வாசித்துவிட்டு நீயே முடிவு செய் என்றேன். இது அந்தக் கதைதான்.

நான் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். உயர்தரம் வரை படித்தேன், பரீட்சையில் பாஸாகவில்லை. கொஞ்ச காலம் ரேடியோ திருத்தினேன், கண்டியில் ஒரு கோர்ஸ் செய்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பதுளைப் பஜாரில் ஒரு கடை கம்ப்யூட்டர் விற்கத் தொடங்கியபோது அங்கே சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே கடைதான். ஊவா மாகாணத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த தோட்டத்து ஆபீஸ்களில் நான் படி ஏறாதது ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தானாக ஒன்றும் செய்யாது. சத்தம் வேண்டுமா, அதற்கு ஒரு கார்டு. டெலிபோனில் பேச வேண்டுமா, அதற்கு இன்னொரு கார்டு. கார்டைச் செருகினால் மட்டும் போதாது. அதன்மேல் ஊசி ஊசியாகக் கம்பிகள் நிற்கும். இரண்டிரண்டு ஊசிகளைச் சேர்த்து மூட நெல்மணி அளவில் கறுப்புத் தொப்பிகள் இருக்கும். ஜம்பர் என்போம். எந்த ஊசிகளில் தொப்பி இருக்கிறதோ அதுதான் அந்தக் கார்டின் விலாசம். விலாசம் மாறிவிட்டால் கம்ப்யூட்டர் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கார்டு திரும்பிப் பார்க்காது. சரியான விலாசம் அதோடு வரும் விளக்கப் புத்தகத்தில் இருக்கும். புத்தகம் எங்கே என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் திருத்தும் பகுதிக்குத் தலைவர் சிவஞானம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். தொலைபேசித் திணைக்களத்தில் இடமாற்றம் கிடைத்துப் பதுளைக்கு வந்தவர், ஓய்வுக்குப் பின்னும் ஊர் திரும்பாமல் எங்கள் கடையில் உட்கார்ந்துவிட்டார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

தெரியாத கார்டு வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் பென்சிலால் அதைப் படம் வரைய வேண்டும். தொப்பிகள் இருக்கும் இடத்தைக் கட்டாயம் குறிக்க வேண்டும். பிறகு பின்பக்கத் தகட்டில் என்ன துளை, எத்தனை ஊசி என்று பார்க்க வேண்டும். அடுத்தது பெரிய சில்லின் மேல் எழுதியிருக்கும் எண். கடைசியாகக் கார்டைத் திருப்பி, அமெரிக்காவில் பதிவு செய்த குறியீடு ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று தேட வேண்டும். இவ்வளவும் முடியும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது.

"படம் கீறினீரோ ஐசே?" என்பார்.

"இன்னும் இல்லீங்க ஐயா."

"அப்ப ஏன் கையில திருப்புளி இருக்கு?"

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். "நேற்று வரைக்கும் ஓடின மெசினில ஜம்பரைத் தொடக்கூடாது. நேற்று ஓடினது எண்டால் ஜம்பர் சரி. பிழை வேற எங்கையோ." இது நூற்றுக்கு நூறு நியாயமான சட்டம். அந்தச் சட்டம்தான் எங்களைப் பிறகு படுகுழியில் தள்ளியது.

அவருடைய முறை பலன் தந்ததும் உண்டு. மொனராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு யாரோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். அதன் பின்புறம் வட்டமாக ஒரு பித்தளைத் துளை இருந்தது. இது டீவி கார்டுதான் என்று அதிபர் முடிவு செய்து, கூரையில் அன்டனா கட்டி, வயரை ஈயம் உருக்கி ஒட்டி, கிரிக்கெட் பார்க்க ஊரையே கூட்டி வைத்திருந்தார். படம் வரவில்லை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். ஐயா அதைக் கீறி, திருப்பி, குறியீட்டைப் பார்த்துவிட்டு, "இது கம்ப்யூட்டர் ரெண்டைத் தொடுக்கிற கார்ட். இதில கிரிக்கெட் வராது" என்றார். அதிபரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. ஐயா மட்டும் சிரிக்காமல் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

இனி இந்தப் படத்தில் இருக்கும் கார்டுக்கு வருகிறேன்.

பசறை வீதியில் ஒரு தோட்டக் கம்பனியின் வட்டார ஆபீஸ் இருந்தது. அங்கே மரகதம் என்றொரு பெண் கடிதம் டைப் அடிக்கிற வேலையில் இருந்தாள். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் தங்கிப் படித்து, இங்கிலீஷும் டைப்பிங்கும் கற்றுக்கொண்டவள். துரைமார் கேசட்டில் பேசிக் கொடுப்பார்கள். இவள் அதைக் கேட்டு அடிப்பாள். அடித்ததைக் கம்ப்யூட்டர் அவளுக்கு வாசித்துக் காட்டும். அப்படி வாசிப்பதற்காக இருந்ததுதான் இந்தக் கார்டு. வெளிநாட்டிலிருந்து வந்த தேவாலயக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனாராம். மூக்கடைத்த ஆள் பேசுவது போல ஒரு குரல். அவளுக்கு அது போதும்.

ஒரு வருடம் ஆயுத பூசை லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று கம்ப்யூட்டர் ஓடியது, ஆனால் பேசவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது ஆபீஸ் முழுக்கச் சாம்பிராணி வாசம் போகாமல் இருந்தது. டைப்ரைட்டர், இரும்பு அலுமாரி, தராசு எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். மரகதத்தின் கம்ப்யூட்டர் நெற்றியிலும் ஒரு பொட்டு. ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கரய்யா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"லீவுக்கு முன்னாடி நல்லாத்தான் பேசுச்சு. யாரும் திறக்கல, யாரும் தொடல. லீவுல அடிச்ச இடிய நீங்களும் கேட்டிருப்பீங்களே."

கேட்டேன். ஐப்பசி மாதம் பதுளையில் பின்னேரம் இடிக்கிற இடி பேய் இடி. ஆபீஸ் டெலிபோனும் அந்த இடியில் செத்துப்போயிருந்தது. அப்புறம் என்ன, எனக்கும் இடி என்றே மனதில் விழுந்துவிட்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கெழம கொழும்புல இருந்து மேனேஜர் வாறாரு. தற்காலிக ஆளுங்கள்ல யார நிரந்தரமாக்குறது, யார நிறுத்துறதுன்னு அன்னைக்குத்தான் முடிவு. மெஷின் பேசலேன்னா இந்தப் புள்ளைக்காக நான் என்னத்தச் சொல்லி வாதாடுறது? எனக்கும் மனசு கேக்கல."

மரகதம் தன் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். நான் பக்கத்தில் போனதும், "சேர், ஒண்ணு கேக்கலாங்களா? சரியாயிருமா?" என்றாள்.

"பாப்போம்மா."

"தோட்டத்து லயத்துக்குத் திரும்பிப் போனா அம்மா என்னைய வாசல் ஸ்தோப்புல ஒக்கார வெச்சுட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிரும். அந்தி வரைக்கும் அங்கேயே ஒக்காந்திருக்கணும். படிக்கப் போறதுக்கு முன்ன அப்படித்தான் இருந்தேன். மறுபடியும் அப்படி இருக்க என்னால ஏலாது சேர்."

அழவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே பளிச்சென்று இருந்தது. தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் தேயிலைத் தூசியும் பல்லி முட்டையும் கொட்டும், இதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பரவாயில்லையே, நல்லா வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அட மடையா, ஏன் இவ்வளவு சுத்தம் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்!

கார்டைக் கழற்ற முன் முறைப்படி கீறினேன். ஊசிகள் ஆறு சோடி, இரண்டு வரிசையில் மும்மூன்றாக. தொப்பிகள் மூன்று, இடது வரிசையில் மேலிருந்து கீழாக ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. பெயர் எங்கும் இல்லை. பெரிய சில்லின் எண்ணைச் செய்தவனே சுரண்டி வைத்திருந்தான், பிறர் பார்த்துச் செய்துவிடுவார்களாம். பின்பக்கக் குறியீடும் இல்லை. புத்தகம் எங்கே என்று மரகதத்திடம் கேட்டேன். கண் தெரியாதவருக்கென்று செய்ததால் புத்தகத்தைக் கேசட்டில் பேசிக் கொடுத்திருந்தார்களாம். கேசட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தால், அதன்மேல் யாரோ ரேடியோ பாட்டைப் பதிந்து வைத்திருந்தார்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டோம், இடையில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

கார்டைக் கடைக்குக் கொண்டு போனேன். எங்கள் மேசை மெசினில் செருகி, அதனோடு வந்த டிஸ்கெட்டைப் போட்டுப் பார்த்தோம். கார்டு இல்லை என்று திரையில் வந்தது. இன்னொரு மெசினிலும் அதே பதில். கொழும்பில் தெரிந்தவர்களிடம் போனில் விவரம் சொன்னோம், ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் எங்கள் கடைக்கு இன்டர்நெட் வந்திருந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறிவிடும். அதிலும் தேடினோம், பெயர் தெரியாத சாமானை எந்தப் பெயரில் தேடுவது?

"ஐயா, அந்தத் தொப்பிகளைக் கொஞ்சம் மாத்திப் பார்த்தா என்னங்க?" என்று கேட்டேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசின கார்ட். ஒருத்தரும் திறக்கேல்லை. தொப்பி தானா எழும்பி நடக்குமோ? டெலிபோன் எரிஞ்ச அதே இடியில உதுவும் எரிஞ்சிட்டுது. விலாசம் தெரியாமல் மாத்தி டிஸ்கையும் எரிச்சுப்போடாதேயும்."

'மின்னல் தாக்கிப் பழுது. திருத்த முடியாது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தப் பெண்ணின் நிலைமையைச் சொன்னேன். தாளை என் பக்கம் தள்ளினார்.

"பாவம்தான். ஆனால் பாவம் பார்த்துப் பொய் எழுதினால், பிறகு நாங்கள் மெய் எழுதினாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம். கொண்டுபோய்க் குடும்."

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குக் கால் வரவில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் பெரிய கிளாக்கரய்யாவிடம் தாளை நீட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே வாசித்தவர், பாதியில் நிறுத்தி மரகதத்தின் பக்கம் பார்த்தார். வாசிக்கிற சத்தம் நின்றதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"செத்துருச்சுங்களா சேர்?"

"ஆமாம்மா."

"கொண்டாந்திருக்கீங்களா? ஒரு தடவ கையில குடுங்க. இவ்வளவு நாளு எனக்குப் பேசுச்சு, ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிறேன்."

பெரிய கிளாக்கரய்யா, "கரண்ட் கிரண்ட் இருக்கப் போவுது" என்று பதறினார். அந்த ஆபீஸில் ஒருவரும் அவளைக் கம்ப்யூட்டரின் உள்பக்கம் விடுவதில்லை, ஷாக் அடித்துவிடுமாம். நான் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் இரும்புத் தகட்டைத் தடவிப் பார்த்து, அது மேலே வருமாறு கார்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள். விரல்கள் அப்படியே ஊசிகள் மேல் போயின. போய் நின்றன. திரும்ப ஒரு தடவை தடவினாள்.

"சேர், இது வேற கார்டுங்களா?"

"இல்லம்மா, உங்க கார்டுதான்."

"இல்லீங்களே. அதுல 'ம' இருந்துச்சு. இதுல 'ல' இருக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மா, என்ன லா என்றேன்.

"இந்தா, இது ஆறு புள்ளி வெக்கிற எடம் தானுங்களே. நாங்க தடவிப் படிக்கிற எழுத்தும் இப்படித்தான் இருக்கும், ரெண்டு வரிசையில மூணு மூணு. இதைப் பூட்டுனாரே அந்த வெள்ளக்காரரு, அவரு பூட்டுறதுக்கு முன்ன எங்கையில குடுத்தாரு. இந்தத் தொப்பிங்க அன்னைக்கு 'ம' மாதிரி இருந்துச்சு. எம்பேரோட மொத எழுத்தாச்சேன்னு நான் சிரிச்சேன். ஏன் சிரிக்கிறேன்னு அவரு கேட்டாரு. இப்ப மூணும் ஒரே வரிசையில நிக்குது. இது 'ல'."

நான் என் படத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று தொப்பிகளும் இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக, தோட்டத்தில் காலையில் ஆட்கள் பெரட்டுக்கு வரிசையில் நிற்கிற மாதிரி நின்றன. என் உச்சந்தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. "யாருய்யா இந்தப் பெட்டியத் திறந்தது?" என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற முத்தையா அண்ணன் தட்டை மேசையில் வைத்தார். ஆபீஸ் பியூன். அதற்கு முன் பல வருடம் தொழிற்சாலையில் மெஷின் சுத்தம் செய்தவர்.

"நான் ஒண்ணும் ஒடைக்கலைங்க. ஆயுத பூசைக்குத் தொடச்சேன்."

"என்னண்ணே தொடச்சீங்க?"

"பட்டறையில பூசைன்னா ரோலரு, மோட்டரு எல்லாத்தையும் கழட்டித் தொடச்சுத் திரும்பப் பூட்டித்தானே பொட்டு வெப்போம். மேலால தொடச்சுட்டுப் பொட்டு வெச்சா சாமிய ஏமாத்துறதில்லையா? இந்தப் புள்ளைக்குச் சோறு போடுற மெஷினாச்சேன்னு இதை மட்டும் ஒரு படி கூடவே தொடச்சேன். அந்தச் சின்னத் தொப்பியக்கூட ஒவ்வொண்ணாக் கழட்டித் தொடச்சேன். முன்ன கோணலும் மாணலுமா இருந்துச்சுங்க. நாந்தான் வரிசையா வெச்சேன்."

பெரிய கிளாக்கரய்யா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. இவ்வளவு பக்தியாக ஒரு மெசினைக் கெடுத்த மனிதனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"மரகதம், 'ம' எப்படின்னு சொல்லும்மா" என்றேன்.

"எடப் பக்கம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. வலப் பக்கம் மேல ஒண்ணு. நடுவுல ஒண்ணும் இல்ல."

நடுத் தொப்பியைக் கழற்றி வலப்பக்கம் மேலே வைத்தேன். அவள் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். கார்டைச் செருகி, மூடியைக்கூடப் போடாமல் சுவிட்சைப் போட்டேன். முத்தையா அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். திரையில் எழுத்துகள் ஓடின. பெட்டிக்குள் ஒரு சின்ன 'டிக்' கேட்டது. பிறகு மூக்கடைத்த குரலில் இங்கிலீஷில், தயார் என்றது.

மரகதம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். பெரிய கிளாக்கரய்யா, "சரி சரி, கடிதம் குமிஞ்சு கெடக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்தையா அண்ணன் அப்போதும் கூப்பிய கையை இறக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பி, "அண்ணே, வாற வருசமும் இதுக்குப் பொட்டு வைங்க. கழட்டுறதுன்னா மட்டும் என்னையக் கூப்புடுங்க" என்றாள்.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். அவர் கேசட்டில் பேசிய கடிதத்தை மரகதம் ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தாளாம். வேலை நிரந்தரமானது.

கடைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது சிவஞானம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். தொலைந்தேன் என்று நினைத்தேன். துடைக்கவில்லை, மேசையில் வைத்தார். நான் திருப்பிக் கொண்டுவந்த தாளை வாங்கி நாலாகக் கிழித்தார்.

"ஒருத்தரும் திறக்கேல்லை எண்டு சொன்னவை. நானும் நம்பி, சும்மா கிடந்த இடியில பழியைப் போட்டிட்டன்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "இனிமேல் கீறி முடிச்ச உடனை, தினமும் அதைப் பாவிக்கிற ஆளின்ரை கையில சாமானைக் குடும். பிறகு என்னட்டைக் கொண்டுவாரும்" என்றார். அவர் இருந்தவரை, அதற்குப் பிறகு நான் இருந்தவரை, எங்கள் பகுதியில் அதுவே வழக்கமாக இருந்தது. ஃபர்ஹானா, உனக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று அப்போது நீ கேட்கவில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் மரகதமே கார்டைக் கழற்றித் துடைத்து, விரலால் வாசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினாள். முத்தையா அண்ணன் பொட்டு வைப்பார். இரண்டாயிரத்துக்குப் பின் அந்த ஆபீஸுக்குப் புது மெசின்கள் வந்தன. பேசுவதற்குத் தனிக் கார்டு தேவைப்படவில்லை, எல்லாம் மென்பொருளிலேயே வந்தது. பழைய பெட்டி எங்கள் கடைக்கு வந்தபோது கார்டை மட்டும் கழற்றிச் சாமான் அறையில் வைத்தேன். பிறகு மறந்தும் போனேன். இன்றுவரை அதைச் செய்தவன் யார், அதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ கார்டுகளை அடையாளம் கண்ட எனக்கு இதில் மட்டும் தோல்விதான்.

ஃபர்ஹானாவின் படம் வந்த அன்றே மரகதத்துக்குப் போன் போட்டேன். இப்போது அந்த ஆபீஸில் கடிதப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு.

"சேர், அது இன்னும் இருக்குதுங்களா!" என்று சத்தம் போட்டாள்.

"இருக்கும்மா. படம் வந்திருக்கு."

"எனக்குப் படம் என்னாத்துக்கு? தொப்பி எங்கெங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. வலப்பக்கம் மேலே ஒன்று. சொன்னேன்.

அந்தப் பக்கம் அவள் விரல் மேசையில் மூன்று தடவை தட்டுவது கேட்டது.

"'ம' தான். அப்ப அது பேசும் சேர்" என்றாள். "போட்டுறாதீங்க. லீவு எடுத்துக்கிட்டு நானே வாறேன்."